கத்திரி வெயிலில் ஒரு டர்போ கார்: எத்தனால் கலந்து ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டு கார் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் தானியங்கி கியர்பாக்ஸ். கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கோயம்புத்தூரில் ஈசியூவை, அதாவது இன்ஜினை நடத்தும் கணினியை, ரீமேப் செய்து (அதன் மென்பொருளை மாற்றி எழுதி) டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். இந்த டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் தாங்கும் என்பதால், அதற்குள் நிற்கும்படி எழுதச் சொன்னேன். மார்கழிக் காலையில் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஓட்டம் போனால் ரீமேப்புக்குக் கொடுத்த காசு காலடியில் தெரியும். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அதே சாலையில் போனால் அந்தக் காசு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எங்கே போகிறது என்பதை ஸ்கேன் கருவி சொல்லிவிடுகிறது. வெளியே நாற்பது டிகிரியை ஒட்டி வெயில். டர்போவிலிருந்து வரும் சூட்டுக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றே அறுபதைத் தொடுகிறது. அந்தச் சூட்டுக் காற்றோடு கலந்த பெட்ரோல், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேருவதற்கு முன்னாலேயே ஓரத்தில் தானாக வெடிக்கப் பார்க்கும். அதுதான் நாக்கிங். நாக் சென்சார் அதைக் கேட்டவுடன் ஈசியூ அந்த சிலிண்டரின் இக்னிஷனை, அதாவது பொறி தட்டும் நேரத்தை, தாமதப்படுத்துகிறது. நான்கு சிலிண்டருக்கும் இன்ஜின் சுழற்சியில் எத்தனை டிகிரி தாமதம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். எனக்கு வந்தது நான்கிலிருந்து ஆறு டிகிரி வரை. அத்தனை டிகிரி போனால் டார்க் போனது போனதுதான். வீணான சூடு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்குள் இறங்குவது வேறு.

இதற்கு மருந்து மூன்று. பெரிய இன்டர்கூலர், ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) கூடிய பெட்ரோல், அல்லது எத்தனால். இன்டர்கூலர் விலையைக் கேட்டதும் மற்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பதே எத்தனால் கலந்த பெட்ரோல்தான். நாடு முழுக்க பத்து சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டியது. இருபது சதவீதம், அதாவது இ20, 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி 2025-க்குள் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. இந்த இ20-க்கு அரசு சொல்லும் ஆக்டேன் எண் 95. பழைய சாதா பெட்ரோலுக்கு 91. இந்த ஏற்றம் சுத்திகரிப்பு ஆலை தந்ததல்ல, எத்தனால் தந்தது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐத் தாண்டும். ஆக, தெரிந்தோ தெரியாமலோ எல்லோரும் ஏற்கெனவே கலந்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நான் செய்தது அந்த இருபதை முப்பதுக்கு நகர்த்தியது மட்டும்.

ஆனால் பங்கில் எழுதியிருக்கும் இருபது, டேங்கில் இருக்கும் இருபதா? கணக்குப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மேலே செய்வது எல்லாம் குருட்டாம்போக்குதான். கண்டுபிடிக்க இரண்டு வழி வைத்துக்கொண்டேன்.

முதல் வழிக்கு நூறு மில்லி அளவு ஜாடி ஒன்று போதும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, அதுதான். பத்து மில்லி தண்ணீர் ஊற்றி, மேலே நூறு வரைக்கும் பெட்ரோல். மூடியைப் போட்டுக் குலுக்கி, அசையாமல் வைத்துவிட வேண்டும். எத்தனாலுக்கு பெட்ரோலைவிடத் தண்ணீர் மேல்தான் ஒட்டுதல் அதிகம். பெட்ரோலை விட்டுவிட்டு அடியில் இருக்கும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பத்தாக இருந்த அடிக்கோடு மேலே ஏறும். என் ஜாடியில் 26-இல் நின்றது. பதினாறு மில்லி கூடியிருக்கிறது. தொண்ணூறு மில்லி பெட்ரோலில் பதினாறு என்றால் பதினெட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. எத்தனால் முழுவதும் இறங்கிவராது என்பதால் இந்தச் சோதனை உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துத்தான் காட்டும். குலுக்கும்போது ஆவி அழுத்தம் ஏறும், அவ்வப்போது மூடியைத் திறந்துவிட வேண்டும். திறந்த வெளியில் மட்டும்தான் இந்த வேலை. வீட்டு வளவுக்குள்ளே வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வழி எத்தனால் சென்சார். எத்தனால் எந்த அளவில் கலந்தாலும் ஓடும் வெளிநாட்டு ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கார்களில் வரும் சாதனம் இது, இணையத்தில் கிடைக்கிறது. எரிபொருள் இதற்குள்ளே ஓடும்போது அதன் மின்காப்புத் தன்மையை அளந்து மின் அதிர்வெண்ணாக வெளியே அனுப்புகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் இல்லை, 150 ஹெர்ட்ஸ் என்றால் முழு எத்தனால். படிக்கும் எண்ணிலிருந்து ஐம்பதைக் கழித்தால் சதவீதம் வந்துவிடும். எனக்கு 68 வந்தது. பதினெட்டு. ஜாடியும் சென்சாரும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டன. இரண்டும் எதற்கு என்றால், சென்சாருக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலின் மின்காப்பு எண் இரண்டை ஒட்டி, எத்தனாலுக்கு இருபத்தைந்தை ஒட்டி, தண்ணீருக்கோ எண்பது. ஐப்பசி மழையில் எங்கேயாவது தண்ணீர் கலந்திருந்தால் சென்சார் அதையும் எத்தனால் என்றே நினைத்துக் கூட்டிக் காட்டும். எண் திடீரென்று தூக்கினால் சந்தோஷப்படாமல் ஜாடியை எடுத்து அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சென்சாரை மாட்டியது பம்பிலிருந்து இன்ஜினுக்கு வரும் குறைந்த அழுத்த லைனில். முதலில் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிக்கொண்டேன். ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. கடைத்தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதா ரப்பர் ஹோஸ் எத்தனால் கூடும்போது ஊதிப் பிசுபிசுக்கும். உள்பூச்சு ‘விட்டான்’ என்ற செயற்கை ரப்பராக இருக்க வேண்டும். மேலே ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் அந்த ரகம். கிளாம்ப்பும் பல் வைத்த சாதா கிளாம்ப் இல்லை, ஹோஸை வெட்டாத இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய அதே மின்வேதியியல் ஆய்வகம்தான். அரிமானம், அதாவது உலோக அரிப்பு, என்றால் அவருக்கு அத்துப்படி. நான் ஹோஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர், "ரப்பரை விடுங்க தம்பி. அலுமினியமும் பித்தளையும் எங்கெங்கே ஒட்டி நிக்குதுன்னு பாருங்க" என்றார். பெட்ரோல் மின்சாரம் கடத்தாது. எத்தனால், அதிலும் ஈரம் சேர்ந்த எத்தனால், கொஞ்சம் கடத்தும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது போதும், ஒன்று மற்றொன்றைத் தின்னத் தொடங்கிவிடும். சென்சாருக்காக நான் வாங்கி வைத்திருந்த பித்தளை இணைப்புகளை மாற்றி எஃகில் போட்டது அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

அடுத்த கேள்வி, கூடுதல் எத்தனாலுக்கு எங்கே போவது? இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற எரிபொருளை ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் அறிமுகம் செய்தது. தமிழ்நாடும் அந்த ஐந்தில் ஒன்று. ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகளை மனதில் வைத்து வந்தது அது. பெயரில் நூறு இருந்தாலும் எத்தனால் 93 சதவீதத்தை ஒட்டித்தான். மீதி ஐந்து சதவீதம் பெட்ரோலும், இரண்டையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் ஒரு கரைப்பானும். காரைக்குடியைச் சுற்றி எனக்குத் தெரிந்து எந்தப் பங்கிலும் இல்லை. வெளியூர் போய் வரும்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட் கடை, கெமிக்கல் கடை என்று யாராவது வழி காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஸ்பிரிட் வைத்திருப்பது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, டிக்கியில் ஸ்பிரிட் கேனோடு மாட்டினால் டர்போ, ட்யூனிங் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சட்டத்தை விட்டாலும், கேனில் இருப்பது எத்தனாலா மெத்தனாலா என்று மூக்கால் சொல்ல முடியாது. மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும் வேகமே வேறு. பெட்ரோலைப் பொறுத்தவரை, விற்பனைக்கு இல்லாமல் முப்பது லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ள பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது. உலோகக் கேன் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மிகக்கூடாது. நான் வைத்திருப்பது இருபது லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் ஒன்று. நிரப்பும்போது டிக்கியில் வைத்தபடி நிரப்பக்கூடாது, தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும், நிலைமின்சாரப் பொறி தட்டும் ஆபத்து இருக்கிறது.

கேன் வீட்டுக்கு வந்த அன்று ஆயா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்றா அது, பட்டப்பகல்ல சாராயம் காச்சுறது?" என்று கேட்டார்கள். கேனைப் பழைய வண்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். எத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கொட்டகையில் பவுடர் தீயணைப்பான் ஒன்றும் தொங்குகிறது.

இனி கணக்கு. டேங்க் 45 லிட்டர், நான் நாற்பதுக்குக் கலக்குகிறேன். இலக்கு முப்பது சதவீதம். கையில் இருக்கும் பெட்ரோல் பதினெட்டு, கேனில் இருப்பது 93. இலக்கிலிருந்து பெட்ரோலின் எண்ணைக் கழித்தால் 12. கேனின் எண்ணிலிருந்து பெட்ரோலின் எண்ணைக் கழித்தால் 75. நாற்பதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுபத்தைந்தால் வகுத்தால் 6.4. ஆக 6.4 லிட்டர் எத்தனாலும் 33.6 லிட்டர் பெட்ரோலும். டேங்கில் ஏற்கெனவே கிடக்கும் மிச்சத்தையும் அந்த 33.6-க்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனாலை முதலில் ஊற்றிவிட்டு மேலே பங்கில் பெட்ரோல் நிரப்பினால் அந்த வேகத்திலேயே நன்றாகக் கலந்துவிடும்.

கலந்த பிறகு ஈசியூ என்ன செய்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது போதும். அதனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருளை ஊற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் எக்ஸாஸ்டைப் பார்த்து "எரிபொருள் போதவில்லை" என்று சொல்ல, ஈசியூ ட்ரிம் எண்ணை, அதாவது எரிபொருள் அளவில் தான் செய்யும் திருத்தத்தை, கூட்டும். பத்து சதவீத எத்தனால் கூடினால் ஏறக்குறைய நான்கு சதவீத ட்ரிம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பதினெட்டிலிருந்து முப்பதுக்குப் போனபோது எனக்கு ஐந்தை ஒட்டி ஏறியது. சென்சார், ஜாடி, ட்ரிம் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் கலவை சரி. ட்ரிம் மட்டும் பன்னிரண்டு, பதினைந்து என்று ஓடினால் எத்தனாலைக் குறை சொல்லாமல் எங்கேயாவது காற்றுக் கசிவோ அடைத்த ஃபில்டரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் மதிய ஓட்டம். மூன்றாவது கியரில் 2500 சுற்றிலிருந்து 4500 வரை மட்டும். அதற்கு மேல் போனால் வேகம் பொதுச் சாலைக்கு உரியதாக இருக்காது. அதை, நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓட்டிப் பவரை அளக்கும் டைனோ மேடையில் பார்த்துக்கொள்ளலாம். அதே வெயில், அதே நேரம், உள்ளே வரும் காற்றும் அதே அறுபது டிகிரி. இக்னிஷன் தாமதம் மட்டும் இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிட்டது, பல நேரம் பூஜ்யம். காற்றின் சூடு குறையவில்லையே என்று முதலில் குழப்பமாக இருக்கும். இது நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின். எரிபொருள் சிலிண்டருக்குள்ளேதான் தெளிக்கப்படுகிறது, குளிர்ச்சியும் அங்கேதான் நடக்கிறது. மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கும் வெப்ப சென்சாருக்கு அது தெரியாது. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் பெட்ரோல் எடுப்பதைப் போல இரண்டரை மடங்கு. மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வித்தைதான், சிலிண்டருக்குள் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நடக்கிறது.

ஆனால் மார்கழிக் காலையில் முப்பது சதவீதத்தோடு ஓட்டினால்? ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் இ20-இலேயே தாமதம் கிடையாது. மேப்பில் எழுதியிருக்கும் டைமிங்கைத் தாண்டி ஈசியூ தானாக ஒரு டிகிரிகூட ஏற்றாது. எத்தனால் கலந்தால் பவர் ஏறும் என்று சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. கலவைக்கென்று தனி மேப் எழுதாதவரை, வெயில் பிடுங்கிக்கொண்டதைத் திரும்பத் தருவது மட்டுமே இதன் வேலை. செட்டிநாட்டில் வருஷத்தில் பாதிக்கு மேல் வெயில்தான் என்பதால் எனக்கு அதுவே போதும்.

ஆசை விடவில்லை, நாற்பது சதவீதமும் கலந்து பார்த்தேன். நாற்பது லிட்டருக்கு 11.7 லிட்டர் எத்தனால். தாமதம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் 4000 சுற்றுக்கு மேல் உயர் அழுத்தப் பம்ப் திணறியது. ஈசியூ கேட்ட ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) ஒரு கோடு, கிடைத்த அழுத்தம் வேறு கோடு, இரண்டும் விலகத் தொடங்கின. முழு பூஸ்ட்டில் எரிபொருள் போதாமல் போனால் பிஸ்டன் உருகும் சங்கதி. நாக்கிங்கைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய வம்பை இழுத்துக்கொள்வதா? முப்பதிலேயே நிறுத்திக்கொண்டேன். வேறு கார்களில் இந்த எல்லை வேறு இடத்தில் இருக்கும். ரெயில் அழுத்தத்தைப் பார்க்காமல் யாரும் இன்னொருவர் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்பார்த்த செலவுகளும் வந்தன. லிட்டருக்கு 14 கொடுத்த கார் பதிமூன்றரைக்கு இறங்கியது. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் இதில் ஏமாற்றம் இல்லை. டேங்கின் பழைய படிவுகளை எத்தனால் கழுவிக்கொண்டு வரும் என்பதால் ஃபில்டரை முன்கூட்டியே மாற்றிவிட்டேன். பழையதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே காபித்தூள் நிறத்தில் கசடு. ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டம் ஓடினால் எரியாத எரிபொருள் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுகிறதா என்று பார்த்து, ஐயாயிரம் கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றுகிறேன். குளிர்நாடுகளில் எத்தனால் கூடினால் காலையில் இன்ஜின் கிளம்ப மறுக்கும் என்பார்கள். காரைக்குடியில் அந்தக் கவலை எந்த மாதத்திலும் இல்லை.

நூறு ஆக்டேன் பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 2020 டிசம்பரில் வந்தது, அப்போதே லிட்டர் 160 ரூபாய். எனக்குக் கிடைப்பது சென்னையில். பல்லவன் எக்ஸ்பிரஸில் தூக்கிக்கொண்டு வர முடியாது, ரயிலில் பெட்ரோல் ஏற்றக்கூடாது. கார் போய் வரும்போதுதான். அதை ஜாடியில் சோதித்தபோது அடியில் ஊற்றிய பத்து மில்லி பத்தாகவே நின்றது. எத்தனால் துளியும் இல்லை. தனியாக ஓட்டினால் இக்னிஷன் தாமதம் கிட்டத்தட்ட போய்விடுகிறது, மைலேஜும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் பாதி நூறு, பாதி இ20 என்று கலப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்படிக் கலந்தால் எத்தனால் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆக்டேன் இரண்டு மூன்று எண் ஏறும், உள்குளிர்ச்சி குறையும். ஒரு கையால் வாங்கி இன்னொரு கையால் கொடுக்கிற வியாபாரம். நூறையே அடித்தளமாக வைத்து எத்தனாலை முப்பதுக்குக் கொண்டுவர நாற்பது லிட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் எத்தனால் வேண்டும். விலையைக் கூட்டிப் பார்த்தால் இன்டர்கூலரே வாங்கிவிடலாம்.

அந்த நூறு ஆக்டேனுக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு நல்ல வேலை இருக்கிறது. செட்டிநாட்டில் பாதி வீடுகளில் ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தால்தான் கொட்டகைக் கதவு திறக்கும், அதுவரை கார் மாதக்கணக்கில் நின்றபடி கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பத்து சதவீதக் கலவைக்கு அரை சதவீதத் தண்ணீரே போதும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் எத்தனாலைப் பார்த்திராத காலத்து ரப்பர்.

அதனால் என் இரும்புக் கேனில் இப்போது எத்தனால் காலியானதும் நூறு ஆக்டேன் வருகிறது. மாமா வீட்டு அம்பாசடருக்குப் பத்து லிட்டர், நாங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு முன் போலோவின் டேங்கை வற்றவிட்டு அதற்குப் பத்து லிட்டர். திரும்பி வந்ததும் எத்தனால் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கணக்கில் அடிப்படை எண்ணாக அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த கலவை.